மாலைப் பேருந்தைப் போற்றுவோம்

நவம்பர் 4, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. குடத்துத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனால், தலைமையாசிரியர் குணசீலன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு சுற்றறிக்கை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு பத்தி எழுதத் தெரியவில்லையாம். உடனே தெரியவைக்க வேண்டுமாம். நான்கு பக்கச் சுற்றறிக்கை. நான்கு பக்கத்திலும் பத்தி பிரிக்கவே இல்லை.

"தளவாய் சார், இத்தனை வருசமா தமிழ் எடுக்கீக, உங்களுக்குச் சொல்லணுமா? இந்த மாசக் கடைசிக்குள்ள பிள்ளைக எல்லாம் சொந்தமா எழுதணும். என்ன எழுதணும்ங்கிறதை நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது? என்னிடம் பொதுப் பத்தி இருக்கிறது. என் சொந்தப் படைப்பு. "______ நம் வாழ்வின் கண் போன்றது. ______ இல்லாத ஊர் நிலவு இல்லாத வானம். நம் முன்னோர் ______ இன் பெருமையை அன்றே உணர்ந்திருந்தனர்" என்று தொடங்கி, "ஆகவே ______ ஐப் போற்றுவோம், புகழோடு வாழ்வோம்!" என்று முடியும். கோடிட்ட இடத்தில் மரம் போடலாம், நூலகம் போடலாம், உழவு போடலாம். இதை வைத்துத் தேறிய பிள்ளைகள் இன்று வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் இருக்கிறார்கள். அந்த இடங்களின் கடிதங்களைப் படித்தால் என் கை தெரியும்.

தேர்வுத்தாள் திருத்துகிறவர் முதல் வரியைப் பார்ப்பார், கடைசி வரியைப் பார்ப்பார், மதிப்பெண் போடுவார். அவர் வீட்டிலும் மோட்டார் ஓடாது.

கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மூன்றாம் பெஞ்சில் பேச்சித்தாய் கை தூக்கினாள். நல்லமுத்தன்பட்டியிலிருந்து வருகிற ஏழு பெண்களில் வாய் உள்ளவள் அவள்தான்.

"சார், கோடு போட்ட இடத்துல எதை வேணும்னாலும் எழுதலாமா?"

"எழுதலாம்."

"எதை வேணும்னாலும்னா?"

"உக்காரு" என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

டெங்கு விழிப்புணர்வுக் கட்டுரைப் போட்டி. என் வகுப்பே எழுதியது. "டெங்கு நம் வாழ்வின் கண் போன்றது. டெங்கு இல்லாத ஊர் நிலவு இல்லாத வானம்." முன்னோர் டெங்குவின் பெருமையை அன்றே உணர்ந்திருந்தனர். ஆகவே டெங்குவைப் போற்றுவோம்.

எங்கள் பள்ளிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு பெற்ற பள்ளி என்ன எழுதியிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மோட்டாருக்கு மெக்கானிக் வந்தார். பார்த்தார். போனார்.

நல்லமுத்தன்பட்டிக்கு மாலையில் போகிற பஸ்ஸைத் திருச்செந்தூர் சஷ்டிக்குச் சிறப்புப் பஸ்ஸாக எடுத்துப் போனார்கள் அல்லவா? சஷ்டி முடிந்து சூரனின் தலையையும் எடுத்து வைத்துவிட்டார்கள். பஸ் மட்டும் திரும்பவில்லை. காலை பஸ் வருகிறது. அதனால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடலாம். வீட்டுக்குத்தான் போக முடியாது. கல்வியில் நமக்குள்ள அக்கறைக்கு வேறு சான்று வேண்டாம்.

சிறப்பு வகுப்பு முடிய ஐந்தரை. நடந்தால் ஒன்றரை மணி நேரம். வழி முழுக்க உடைக்காடு, ஆள் நடமாட்டம் இல்லாத முள்மரக் காடு. ஆட்டோ அந்தச் சாலையில் போகாது. போனால் ஆட்டோவாகத் திரும்பாது.

பேச்சித்தாய் கேட்டாள்: "சார், எங்களை மட்டும் நாலரைக்கு விட்டுருவீகளா?"

தலைமையாசிரியரிடம் கேட்டேன். "ஏழு பேரு பெயிலாப் போனா நீங்க பொறுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. இருட்டில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. அது என் பாடம் அல்ல.

நவம்பர் 12, செவ்வாய்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். மனுவும் ஒரு பத்திதானே? 'வாழ்வோடு இணைந்த பத்திப் பயிற்சி' என்று தலைமையாசிரியர் அறிக்கையிலும் சேர்த்துக்கொண்டார்.

பேச்சித்தாய் எழுதி வந்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. "பேருந்து நம் வாழ்வின் கண் போன்றது. பேருந்து இல்லாத ஊர் நிலவு இல்லாத வானம்." நடுவில் மட்டும், "இப்போது எங்களுக்குச் சாயங்கால பஸ் வருவதில்லை" என்று ஒரு வரி. பேருந்து என்று ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பஸ் என்றால் ஓசை இடறுகிறது. தவிர, பொதுப் பத்தியில் அதற்கு இடம் இல்லை. சிவப்பு மையால் சின்னதாக ஒரு கோடு.

"சார், அதானே விசயம்?" என்றாள்.

"விசயம் அவங்களுக்குத் தெரியும். நாம நயமாச் சொல்லணும்."

நல்ல தாளில் எழுதி ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து அழகாக இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

பேச்சித்தாயும் அவள் அப்பாவும் போய் மனுவைக் கொடுத்து, ரசீதும் வாங்கி வந்துவிட்டார்கள். நான் போகவில்லை. மெக்கானிக் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

நவம்பர் 20, புதன்

இந்த வயதில் நடை நல்லது. பள்ளி விட்டதும் நல்லமுத்தன்பட்டிச் சாலையில் ஓடைப் பாலம் வரை போய்வந்தேன். அந்தப் பிள்ளைகளும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். சாலை ஒன்றுதான் என்பதால் அப்படி அமைந்துவிட்டது. கையில் டார்ச் இருந்தது. பாம்பு கிடக்கும் பாதை.

வீட்டுக்கு வந்ததும் வடிவு கேட்டாள். "எங்க போயிட்டு வாறீக?"

"சர்க்கரைக்கு நடக்கச் சொல்லுதாங்க."

"உங்களுக்கு எப்ப சர்க்கரை வந்துச்சு?"

"வராம இருக்கத்தான்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இனிப்பு இல்லை.

நவம்பர் 21, வியாழன்

மழை. பாலம் வரை போதாது என்று தோன்றியதால் உடைக்காடு முடிகிற இடம் வரை நடந்தேன். குடை போதவில்லை.

நவம்பர் 25, திங்கள்

நல்லமுத்தன்பட்டிப் பெண்களில் இரண்டு பேர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

நவம்பர் 28, வியாழன்

பதில் வந்துவிட்டது. பள்ளி முகவரிக்கு, முத்திரையோடு.

"பேருந்துச் சேவையைப் பாராட்டித் தாங்கள் அனுப்பிய மடல் கிடைக்கப்பெற்றோம். மாணவச் செல்வங்களின் வாழ்த்து எங்கள் பணியாளர்களுக்கு ஊக்கமளிக்கிறது. நற்சேவை தொடரும். மனு முடித்துவைக்கப்பட்டது."

தலைமையாசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தீகளா? நம்ம பள்ளிக்கு நன்றி சொல்லி எழுதியிருக்காக. பிரேம் போட்டு மாட்டணும்" என்றார். "சார், பஸ் வரலை" என்றேன். "அது வேற விசயம்" என்றார். உண்மைதான். மனுவில் அந்த விசயமே இல்லை.

அலுவலகத்தில் இருக்கிறவர்கள் ஒரு மனுவை நிதானமாகப் படிக்க வேண்டாமா? வரிகளுக்கு இடையே படித்திருந்தால் புரிந்திருக்கும். நாட்டில் வாசிப்புப் பழக்கமே போய்விட்டது.

பதிலைப் பேச்சித்தாயிடம் காட்டினேன். ஒரு முறை படித்தாள். நான் என்ன சொல்வேன் என்று நின்றாள். நான் தாளின் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் பாராட்டியிருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

பேச்சித்தாய் வரவில்லை. அவள் அப்பா சீனிப்பாண்டி வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"சார், பிள்ளையை நிறுத்திக்கிடலாம்னு இருக்கேன்."

"இன்னும் நாலு மாசந்தான பரீட்சைக்கு?"

"அது வரைக்கும் இருட்டுல நடக்கவிடச் சொல்லுதீகளா? முந்தாநேத்து ரெண்டு பயலுக பைக்குல பின்னாடியே வந்திருக்கானுக. நீங்களே சொல்லுங்க, ஒங்க பிள்ளைன்னா விடுவீகளா?"

"வீட்டுல வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"நூல் மில்லுக்குத்தான். ஏற்கெனவே ரெண்டு பிள்ளைக போவுது. வேன் வாசலுக்கே வருது சார். கொண்டுபோய்க் கொண்டாந்து விட்டுருதான்."

"வயசு?"

"அதெல்லாம் மில்காரன் பாத்துக்கிடுவான்."

மில்லுக்குப் போகிற பிள்ளைக்கு வாசலில் வண்டி, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு உடைக்காடு. இதில் சீனிப்பாண்டியோடு வாதாட என்னிடம் பொதுப் பத்திகூட இல்லை.

"திங்கக்கிழமை இன்னொரு மனு குடுத்துப் பாப்போம். நானும் வாரேன்" என்றேன்.

"மறுபடியும் பாராட்டவா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்கு மேல் மில்காரன் வேறு ஆளை எடுத்துவிடுவானாம்.

நவம்பர் 30, சனி

மனுவை நானே எழுத உட்கார்ந்தேன். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவன், ஒரு மனு எழுத எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் உட்கார்ந்தவன் சாப்பிடத்தான் எழுந்தேன். எழுதியதை வடிவிடம் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாருக்கு. யாருக்கு வழியனுப்பு விழா?"

"இது பஸ் கேட்டு எழுதின மனு."

"பஸ் வரலைன்னு இதுல எங்க இருக்கு?"

தேடினேன். கடைசி வரிக்கு முந்தின வரியில், 'சிறிது தொய்வு' என்று இருந்தது. கடைசி வரியில் போற்றுவோம் என்று இருந்தது. அதை நான் எழுதிய நினைவே இல்லை. கை தானாக எழுதியிருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில் பிறந்த தேதி சரிபார்க்க வேண்டியிருந்ததால் நல்லமுத்தன்பட்டிக்குப் போனேன். அதைத் திங்கட்கிழமை பள்ளியிலும் சரிபார்க்கலாம்தான்.

மூடிக் கிடந்த ரேஷன் கடைப் படியில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மில்லுக்குப் போக ஆரம்பித்துவிட்ட இரண்டு பேரும் விடுமுறை என்பதால் வந்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை.

"மொதல்ல என்ன எழுதணும் சார்?" என்றாள் முனீஸ்வரி. மில்லுக்குப் போகிற இருவரில் ஒருத்தி.

"பேருந்தின் சிறப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்குத்தான் நன்றி சொல்லிட்டாகளே" என்றாள் பேச்சித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். என் வகுப்பில் அவர்கள் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

தாளை அவள் வாங்கிக்கொண்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நாய் துரத்தியதைச் சேர்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி. "நாயைக் கலெக்டராபீஸ்ல என்னடி செய்வாக? பஸ்ஸைப் பத்தி மட்டும் சொல்லு" என்று பேச்சித்தாய் அந்த வரியை அடித்துவிட்டாள். பஸ் என்பதைப் பேருந்து என்று மாற்றச் சொன்னேன். "டிரைவருக்கே பஸ்னாத்தான் சார் தெரியும்." சமூகத்திற்கு என் பங்காக 'மாண்புமிகு' என்ற சொல்லை அளித்தேன். அதையும் அடித்தாள். என் சிவப்புப் பேனாவை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

முனீஸ்வரி பைக்கில் வந்தவர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பேச்சித்தாய் எழுதினாள்.

முடிவில் இருந்தது இவ்வளவுதான்:

"சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நல்லமுத்தன்பட்டிக்கு வந்த பஸ் சஷ்டிக்குப் பிறகு வரவில்லை. பள்ளி ஐந்தரைக்கு விடுகிறது. நாங்கள் இருட்டில் உடைக்காட்டு வழியாக நடந்து வருகிறோம். போன வாரம் இரண்டு பேர் பைக்கில் பின்னால் வந்தார்கள். ஏழு பேரில் இரண்டு பேரைப் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் வராவிட்டால் மற்ற ஐந்து பேரையும் நிறுத்திவிடுவார்கள். அந்த பஸ்ஸை மறுபடி விட வேண்டும்."

உவமை இல்லை, அணி இல்லை, முன்னோர் இல்லை. தேர்வில் எழுதியிருந்தால் ஐந்துக்கு இரண்டு போட்டிருப்பேன். நடையாகவே திரும்பினேன். வழி நெடுக அந்தப் பத்தி மனப்பாடமாக ஓடியது. மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

தற்செயல் விடுப்பு. காரணம்: மச்சினன் வீட்டு விசேஷம். மச்சினன் எனக்கு இல்லை.

ஐந்து பிள்ளைகள், சீனிப்பாண்டி, நான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது மேடையில் வருவாய் அலுவலர் இருந்தார், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். மனுவைக் கையில் வாங்கியவர் அடுத்தவரிடம் தள்ளாமல் முழுவதும் படித்துவிட்டார். அவருக்கு வேறு வழியில்லை. தொடங்கியதும் முடிந்துவிடுகிற மனு அது.

"டிப்போவிலேர்ந்து யார் வந்திருக்கீங்க?"

ஓரத்தில் இருந்த கிளை மேலாளர் எழுந்தார். தன் கோப்பைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், இதே பிள்ளைங்க போன மாசம்தான் நம்ம சேவையைப் பாராட்டி எழுதிக் கொடுத்திருக்காங்க. நோட்டீஸ் போர்டில்கூட ஒட்டியிருக்கோம்." நகலை நீட்டினார்.

அம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "கையெழுத்து ஒண்ணாத்தானே இருக்கு. ரெண்டும் நீ எழுதினதா?"

"ஆமா மேடம்" என்றாள் பேச்சித்தாய்.

"இதுல பஸ்ஸைப் போற்றுவோம்ங்கிற. இதுல பஸ்ஸே வரலைங்கிற. எது உண்மை?"

சீனிப்பாண்டி துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் தலையைக் குனியவில்லை.

"அது பரீட்சைக்கு எழுதுனது மேடம். இது பஸ்ஸுக்கு எழுதுனது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. முதல் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். "நிலவு இல்லாத வானம்" என்று மெல்ல வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அவரும் எங்கோ ஒரு பத்தாம் வகுப்பில் படித்தவர்தானே.

"யாரு இப்படி எழுதச் சொன்னது?"

அந்த நேரத்தில் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கை. ஒன்றில் தூசி அதிகம்.

"பாடத்துல உள்ளது மேடம்" என்றாள்.

பாடத்தில் இல்லை. அது என் சொந்தப் படைப்பு. ஆனால் அந்த இடத்தில் எழுந்து உரிமை கோருவது பண்பாகாது என்று விட்டுவிட்டேன்.

அம்மாள் கிளை மேலாளரிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அவர் முகம் பழைய நிலைக்குத் திரும்பியது.

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்றைய கதை காதுக்கு எட்டிவிட்டதால் தலைமையாசிரியர் என் வணக்கத்தைக் கண்டுகொள்ளாமல் போனார். பிரேம் போட்ட நன்றிக் கடிதம் காலையில்தான் சுவரில் ஏறியிருந்தது. நல்ல தேக்குச் சட்டம்.

டிசம்பர் 5, வியாழன்

உத்தரவு வந்தது. மாலை பஸ் நாளை முதல் ஓடும். ஒரு மாதத்துக்குச் சோதனை ஓட்டம். வசூல் திருப்தியாக இருந்தால் தொடரும்.

அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்குப் பாஸ். அவர்களை விட்டால் கூலி வேலை முடிந்து திரும்பும் பெண்கள்; அவர்களுக்கு இலவசம். ஆண்களுக்குப் பைக் இருக்கிறது. ஆக, டிக்கெட் இல்லாதவர்களிடம் வசூலை எதிர்பார்க்கிறார்கள். அந்த வாக்கியத்தை எழுதியவர் நிச்சயம் என்னிடம் படித்தவர்.

சீனிப்பாண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். "பஸ் வரட்டும், பாப்போம்" என்று பதில். முனீஸ்வரியை விடுவார்களா என்றும் கேட்டிருந்தேன். அவள் அப்பா மில்லில் முன்பணம் வாங்கிவிட்டாராம்.

டிசம்பர் 6, வெள்ளி

பேச்சித்தாய் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புத் தாள் திருத்தினேன். எல்லாத் தாளிலும் நிலவு இல்லாத வானம். இதுவரை அதற்கு முழு மதிப்பெண் போட்டுவந்தவன், நான்காவது தாளோடு நிறுத்திவிட்டேன். தலைவலி.

சிறப்பு வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். வாழைப்பழம் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஐந்து பேரும் சாலையைப் பார்த்து நின்றார்கள். சீனிப்பாண்டி தள்ளி, தன் டிவிஎஸ்ஸின் மேல் உட்கார்ந்திருந்தார். வராவிட்டால் மகளைக் கூட்டிப் போக வந்திருப்பார். மற்ற நால்வரை எதில் ஏற்றுவது என்பதை அவரும் யோசித்திருக்க மாட்டார்.

நேரம் கடந்தது. பிறகு சந்தைக் கடைத்தெரு முனையில் ஒற்றை விளக்கு எரிகிற பஸ் ஒன்று திரும்பியது. இன்னொரு விளக்கு எரியவில்லை. பிள்ளைகள் முதலில் ஊர்ப் பெயரைப் படித்தார்கள், பிறகு கத்தினார்கள். சீனிப்பாண்டி வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தனியாக ஊர்ப்பக்கம் போனார்.

நடத்துநர் படியில் நின்று எண்ணினார். பிள்ளைகள் ஐந்து, களைவெட்டிவிட்டு வந்த பெண்கள் நான்கு. டிக்கெட் பையை ஆட்டிக் காட்டினார்.

"காசு குடுக்கிற ஆளு ஒருத்தருமில்லை. இப்படியே போனா ஒரு மாசங்கூடத் தாங்காது. எந்த மகராசன் மனுப் போட்டானோ."

நான் ஏறினேன்.

"எங்க சார்?"

"நல்லமுத்தன்பட்டி."

"அங்க என்ன சார் ஜோலி இந்நேரத்துல? திரும்பி வர்றப்ப நானும் டிரைவரும்தான் இருப்போம்."

"போக ஒண்ணு, வர ஒண்ணு" என்று சில்லறையை நீட்டினேன். "திங்கக்கிழமையும் வருவேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்தார். காலியாக இருந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. பேச்சித்தாய் வந்து பக்கத்தில் நின்றாள்.

"சார், ஜன்னலோரம் எங்களுக்கு."

நகர்ந்து உட்கார்ந்தேன்.